புனல் குல்லா

கலரக்காவிடம் திட்டு வாங்காதவர் என்று அந்தப் பூங்காவில் ஒருத்தரைக் காட்டிவிட முடியாது. தோட்டக்காரர் வாங்கியிருக்கிறார், காவலாளி வாங்கியிருக்கிறார், காலையில் கையை வீசி நடக்க வரும் பெரிய மனிதர்கள் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டிவரும் நாய்கள்கூட வாங்கியிருக்கின்றன. எல்லோரும் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். எதிர்த்துப் பேசினால் இரண்டு மடங்காகக் கிடைக்கும் என்று தெரியும்.

அந்த வாய் எங்கே வளர்ந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் ஷேடு பார்க்கிற மேசையில் உட்கார்ந்தவள் அவள். ஒரு சட்டையின் உடம்பும் கையும் காலரும் ஒரே நிறம்தானா, தைத்த நூல் துணியோடு சேர்கிறதா என்று பார்ப்பது வேலை. மற்றவர்கள் விளக்குக்கு அடியில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளையும் கேட்டுவிட்டுச் சொல்வதை, துணிக்கட்டு மேசைக்கு வந்து சேர்வதற்குள் இவள் சொல்லிவிடுவாள். "ரிஜெக்ட்." அவ்வளவுதான். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் ரிஜெக்ட், தைத்த பெண் அழுதாலும் ரிஜெக்ட். "ஏம்மா, அழுதா கலர் மாறிடுமா? மாறும்னா சொல்லு, ஒரு பக்கெட் கொண்டு வந்து வைக்கிறேன்," என்று வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. இந்தக் கதையைக் கலரக்கா ஒளித்ததே இல்லை. சிரித்துச் சிரித்துத்தான் சொல்வாள்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார் மனிதர். சோற்றை எடுத்து வைத்தால் தட்டு ரிஜெக்ட், துணியை மடித்தால் மடிப்பு ரிஜெக்ட். கடைசியில் அவரே பூங்கா அதிகாரியைத் தேடிப் போனார். "சார், பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்களுக்கு ஏதோ வகுப்பு ஆரம்பிக்கிறீங்களாமே. என் வீட்டுக்காரி நல்லா படம் வரைவா. அவளை எடுத்துக்கங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார்.

பூங்காவின் மூலையில், சறுக்கு மரத்துக்குப் பின்னால், பழைய மோட்டார் அறை ஒன்று சும்மா கிடந்தது. மோட்டாரை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு அடித்து, நீளமாக இரண்டு பெஞ்சு போட்டு, 'கலையும் அறிவியலும்' என்று வாசலில் எழுதி வைத்தார்கள். கலைக்குக் கலரக்கா. அறிவியலுக்கு ஓர் இளம் வாத்தியார். பாவம், நல்ல பையன். அவன் கரும்பலகையில் வரைந்த பூவைப் பார்த்து, "தம்பி, இது பூவா, இல்ல பூவை மிதிச்ச செருப்பா?" என்று பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டாள். ஒரு மாதம் தாக்குப் பிடித்தான். அப்புறம் இரண்டையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

வாய் அப்படி என்றாலும், வேலையில் குறை சொல்ல முடியாது. அதையும் சொல்லத்தானே வேண்டும். மரத்தின் நிழலை சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் சுற்றி வரையச் சொல்வாள். வரைந்து முடித்துப் பிள்ளைகள் ஓடி விளையாடிவிட்டு வந்தால் நிழல் கோட்டை விட்டு வெளியே போயிருக்கும். "யாருடி நகர்த்தினது? நீயா? மரமா?" என்பாள். பூமி சுற்றுகிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு அங்கேதான் உறைத்தது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மை ஒற்றும் தாளில் ஒரு புள்ளி வைத்து, தாளின் நுனியைத் தண்ணீரில் நனைப்பாள். தண்ணீர் ஏற ஏற, கறுப்புக்குள்ளிருந்து நீலம், ஊதா, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பவள்போலத்தான் குனிந்து பார்ப்பாள். வீட்டுக்குப் போகும் நேரம் வந்தால் ஒன்றுகூட எழுந்திருக்காது. வாசலில் அம்மாக்கள் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பார்த்துவிட்டுச் சொல். தெரிந்ததைச் சொல்லாதே, பக்கத்தில் இருப்பவன் சொன்னதைச் சொல்லாதே, கண்ணால் பார்த்ததைச் சொல். தாளில் தெளித்துக் கலர் வரவழைக்கும் பாட்டில்களை யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டு, "இப்ப என்ன கலர் வரும்?" என்று கேட்பாள். நேற்று வந்த கலரை நினைத்துக்கொண்டு எவனாவது வாயைத் திறந்தால் தீர்ந்தது. கேனிலிருந்து எண்ணெய் ஊற்றுகிற பெரிய மஞ்சள் பிளாஸ்டிக் புனல் ஒன்று சுவரில் தொங்கும். அதைக் கவிழ்த்து அவன் தலையில் மாட்டிவிடுவாள். வகுப்பு முடியும்வரை கழற்றக் கூடாது. மற்றவர்கள் சிரிக்கலாம். சிரிக்கலாம் என்ன, சிரிக்க வேண்டும். சிரிக்காதவனையும் முறைப்பாள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். திக்கித் திக்கிப் பேசுகிறவன் 'கரகர ரேடியோ'. மூக்கு ஒழுகுகிறவள் 'குழாயடி'. எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணும் ஒரு பெண் 'வக்கீல்'. வக்கீல்மேல் மட்டும் அவளுக்குத் தனிப் பிரியம். சொல்வதற்குள் புரிந்துகொள்ளும் பிள்ளை அது. வக்கீலோடு கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தம்பியும் வருவான். எந்தக் கேள்வி கேட்டாலும் உடனே சொல்லமாட்டான். கண்ணை அகல விரித்துக்கொண்டு தாளைப் பார்ப்பான், கலரைப் பார்ப்பான், பிறகு தன் அக்காவைப் பார்ப்பான். அவனுக்கு 'முழியன்' என்று பெயர் வைத்தாள்.

அவன் ஏன் அப்படி முழித்தான் என்பது வக்கீல் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியவில்லை. பச்சையும் ரோஸும் அவனுக்கு ஒரே மாதிரி சாம்பலாகத்தான் இருந்தன. வீட்டில் சொன்னால் அப்பா பெல்ட்டை எடுப்பார் என்று இரண்டும் பயந்துபோய் மறைத்தன. அவன் எடுக்க வேண்டிய கிரேயானை வக்கீல் மேசைக்கு அடியில் கையில் வைத்துவிடுவாள். என்ன நிறம் என்று யாராவது கேட்டால் காதில் ஓதிவிடுவாள். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

வக்கீலுக்கு ஜுரம் வந்த அன்றுதான் வினை வந்தது. முழியன் தனியாக வந்தான். இலைகளைப் பார்த்து வரையும் நாள். அவன் ஒரு மரத்தை ரொம்ப அழகாக, நரம்பு நரம்பாக வரைந்திருந்தான். இலைக்கெல்லாம் ரோஸ் கலர் பூசியிருந்தான்.

கலரக்கா தாளைத் தூக்கிப் பிடித்தாள். "இங்க பாருங்கடா. முழியன் ஊர்ல இலை ரோஸ் கலராம். ஏண்டா, இவ்வளவு பெரிய முழி வச்சிருக்கியே, அதுல பார்வைன்னு ஒண்ணு வச்சாங்களா, இல்ல சும்மா அழகுக்கு மாட்டி விட்டாங்களா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. புனல் அவன் தலையில் ஏறியது. மூக்குவரை இறங்கிவிட்டது. "பார்த்துத்தான் அக்கா பூசினேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பார்த்துப் பூசினவன் மூஞ்சியா இது?" என்று புனலைத் தட்டினாள். வகுப்பு முடியும்வரை அப்படியே நின்றான். கால்சட்டை நனைந்ததை முதலில் பார்த்தது குழாயடி. அதைச் சொல்லி இன்னொரு சிரிப்பு. கலரக்காவும் சிரித்தாள்.

முழியன் அதன் பிறகு வரவில்லை. வக்கீல் மட்டும் ஜுரம் விட்டதும் வந்தாள். "எங்கடி உன் தம்பி?" என்று கேட்டதற்கு, "அவனுக்கு இஷ்டமில்லையாம்," என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் உட்காரும் பெஞ்சை விட்டுவிட்டு, அன்றிலிருந்து கலரக்காவின் மேசைக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்கு நம்மேல் எவ்வளவு ஒட்டுதல் என்று கலரக்கா பூரித்துப் போனாள்.

சில மாதம் கழித்து, சாலையைக் கடக்கும்போது புருஷன் அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது.

"என்னம்மா, சிவப்பு விழுந்திருக்கு, நீ பாட்டுக்கு இறங்குற?"

"சிவப்பா? எங்க?"

கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் விளக்கையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வருடா வருடம் கண் சோதனைக்குப் போய் நின்ற டிரைவர் அவர். வேறு எதுவும் கேட்காமல், அப்படியே ஆட்டோவைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"கண்ணுக்குப் பின்னாடி ஒரு திரை இருக்கும்மா," என்றார் டாக்டர். "அது நடுவுல தேய ஆரம்பிச்சிருக்கு. முதல்ல கலர் வெளுக்கும். அப்புறம் எழுத்து, அப்புறம் மூஞ்சிங்க. ஓரத்துல கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டிருக்கும்."

"மருந்து?"

"வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம். போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது."

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சத்தியம் வாங்கினாள். "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. வகுப்பை எடுத்துட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? நாள் பூரா உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்காரவா? அதுவும் கொஞ்ச நாள்தான் தெரியுமாம்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்றைக்கு அவள் அழுதாள். கம்பெனியில் யார் யாரோ அழுததைப் பார்த்திருக்கிறாளே தவிர, தான் அழுது அவளுக்குப் பழக்கமில்லை. சத்தம் ஏதோ இருமல் மாதிரி வந்தது.

பயந்ததற்குக் காரணமும் இருந்தது. பூங்கா அதிகாரியின் அண்ணன் மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அடிக்கடி வந்து வாசலில் நின்று, "சூப்பரா எடுக்குறீங்க ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் கண் பிள்ளைகள்மேல் இல்லை, மேசை நாற்காலிமேல்தான் இருந்தது என்பது கலரக்காவுக்கா தெரியாது?

ஆகவே ஏமாற்றினாள். கிரேயான் டப்பாவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இடம் வைத்தாள். மாற்றி வைக்கும் பிள்ளையின் காதைத் திருகினாள். "இது என்ன கலர்னு நான் சொல்லமாட்டேன், நீ சொல்லு," என்று கேள்வியைத் திருப்பிவிட்டாள். ஒருத்தன் தப்பாகச் சொன்னால் மற்றவன் கத்துவான், அதிலிருந்து உண்மையைப் பொறுக்கிக்கொள்வாள். சொல்லப்போனால் முழியன் செய்ததையெல்லாம்தான் அவளும் செய்தாள். அது அவள் மண்டையில் உறைத்ததா என்று கேட்டால், உறைத்தது. உறைத்த அன்று வேறொரு பிள்ளைக்கு இரண்டு திட்டு கூடுதலாக விழுந்தது. அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ஊதா முட்டைக்கோஸ் வேலை. கோஸை வேகவைத்து, அந்தச் சாற்றில் தாளை நனைத்துக் காயவைத்தால் தாள் ஊதாவாகிவிடும். அதன்மேல் எலுமிச்சை உப்பைக் கரைத்த தண்ணீரைத் தெளித்தால், பட்ட இடமெல்லாம் ரோஸ் ஆகும். சோடா உப்பைக் கரைத்த தண்ணீரைத் தெளித்தால் பச்சை. இரண்டு கரைசலும் பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனையும் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு ஸ்பிரே பாட்டில். கலரக்கா எலுமிச்சை உப்புப் பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப ரோஸ் வருது பாருங்க," என்பாள். வரும். அவளுக்குத் தெரிவதெல்லாம் வெளுத்துப்போன ஒரு திட்டு, அவ்வளவுதான். பிள்ளைகள் "ஹே" என்று கத்துவதை வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வாள்.

எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் கை என்ன செய்யும் என்று தம்பியிடம் படித்தவளாயிற்றே. ஒருநாள், "பாட்டிலை நான் கழுவி வைக்கிறேன் அக்கா," என்று வாங்கிப் போனவள், ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

அன்று கலரக்கா முதல் பாட்டிலை எடுத்துத் தடவினாள். இரண்டாவதை எடுத்துத் தடவினாள். மறுபடி முதலாவது. பிள்ளைகள் தாளை வைத்துக்கொண்டு காத்திருந்தன. "சே, இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு. எல்லாரும் வெளியில வாங்க, நிழல் வரையலாம்," என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ரப்பர் பேண்டு பழையபடி இருந்தது. வக்கீல் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தாள். அந்த வயதில் அவ்வளவு பொறுமை எப்படித்தான் வந்ததோ!

பெற்றோர் பார்க்க வரும் நாள் ஒன்று வைத்தார்கள். அதிகாரி வந்தார், அண்ணன் மகள் வந்தாள், அம்மா அப்பாக்கள் சுவரோரமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். "நல்லபடியா முடிச்சிடுங்கம்மா," என்றார் அதிகாரி, கலரக்காவிடம் ரகசியமாக. "அடுத்த வருஷமும் நீங்கதானா, இல்ல வேற ஏற்பாடான்னு இன்னைக்குப் பார்த்துட்டுத்தான் மேல எழுதணும்." அவருக்கு அது சாதாரணப் பேச்சு. கலரக்காவோ அண்ணன் மகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வக்கீலின் அம்மா தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு வருடத்தில் கொஞ்சம் வளர்ந்திருந்தான். புனல் தொங்கும் சுவரைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

நடுவில் ஒரு கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு ஊதாத் தாள் ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பூ வடிவத்தில் வெட்டிய அட்டையைக் கலரக்கா அதன்மேல் வைத்தாள். ரப்பர் பேண்டு சுற்றிய பாட்டிலைத் தடவி எடுத்தாள். அன்றைக்கும் பாட்டிலைக் கழுவி வைத்தது வக்கீல்தான்.

"எல்லாரும் நல்லா பார்த்துக்கங்க. இது தண்ணி மாதிரிதான் இருக்கும். இப்ப என்ன ஆகுதுன்னு பாருங்க," என்று தெளித்து, அட்டையை எடுத்தாள். "வந்துச்சா! எவ்வளவு அழகான ரோஸ் பூ!"

யாரும் கத்தவில்லை. பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் வெட்கப்படுகின்றன என்று நினைத்துக்கொண்டாள். இலை அட்டையை வைத்தாள், அடுத்த பாட்டிலைத் தெளித்தாள். "பூ வந்தா இலை வேணாமா? இந்தாங்க, பச்சைப் பசேல்னு இலை!"

தாளில் இருந்தது பச்சைப் பூ. அதற்குக் கீழே ரோஸ் இலை.

முதலில் ரேடியோ சிரித்தான். அப்புறம் குழாயடி. சிரிக்கலாம், சிரிக்க வேண்டும் என்று படித்த பிள்ளைகள்தானே, மொத்த அறையும் பிடித்துக்கொண்டது. பெற்றோர்களில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரியின் புருவம் ஏறியது. அண்ணன் மகள் தாளைப் பார்த்தாள், கலரக்காவைப் பார்த்தாள், சித்தப்பாவின் காதருகே குனிந்தாள். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய புனலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தயாராக நின்றாள்.

என்ன நடந்தது என்று கலரக்காவுக்கு நொடியில் தெரிந்துவிட்டது. எதிரே ஓர் உருவம், அதன் கையில் பெரிதாக ஏதோ ஒன்று. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எதுக்குச் சிரிக்கிறீங்க? அக்கா சரியாத்தானே சொன்னாங்க? பூ ரோஸ்தானே?"

முழியன்தான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவன் கண்ணுக்குப் பூவும் இலையும் ஒன்றுபோலவே இருந்தன. பூ ரோஸ் என்று அக்கா சொன்னாள், ரோஸாக இருந்தாலும் இருக்கும். சிரிப்பு இரண்டு மடங்கானது. வக்கீல் பதறிப்போய், "டேய், நீ சும்மா இரு," என்றாள். அவன் எங்கே சும்மா இருந்தான்! சிரிக்கிற முகங்களைப் பார்த்தான், கலரக்காவைப் பார்த்தான். அவள் முழித்துக்கொண்டு நின்றாள். அந்த முழியை அவனுக்குத் தெரியும். அவன் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, அவள் கையைப் பிடித்து இழுத்து, குனிந்த காதில் ரகசியமாகக் கேட்டான்.

"அக்கா, உங்களுக்கும் என்னை மாதிரியா? உங்களுக்கும் தெரியாதா?"

எவ்வளவு சந்தோஷமாகக் கேட்டான்! உலகத்தில் தனக்குத் துணையாக இன்னோர் ஆள் இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. 'ஆமாண்டா கண்ணு' என்று சொல்லக் கலரக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அதிகாரி தொண்டையைக் கனைத்தார். "என்னம்மா இது?" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். சிரித்தாள். ஷேடு மேசையில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு.

"சார், இதுதான் சார் எங்க வகுப்பு. வேணும்னேதான் பாட்டிலை மாத்தி வச்சேன். பச்சைப் பூவைக் காட்டி ரோஸ்னு சொன்னேன். எத்தனை பேரு கண்ணால பார்க்குறாங்க, எத்தனை பேரு நான் சொன்னதுக்குத் தலையாட்டுறாங்கன்னு பார்த்தேன். பிள்ளைங்க எல்லாம் பாஸ். பார்க்காம சொன்னவன் ஒரே ஒருத்தன்தான் மாட்டினான்."

வக்கீலின் கையிலிருந்து புனலை வாங்கப் போனாள். அவள் கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். கலரக்கா பலமாக இழுத்துப் பிடுங்கினாள். முழியன் இன்னும் அவளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதன்மேல்தான் புனலைக் கவிழ்த்தாள்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அதிகாரி கைதட்டினார். "அடடா, நல்ல டெக்னிக்கா இருக்கே!" அவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். முழியனின் அம்மாவும், என்ன செய்வதென்று தெரியாமல், மற்றவர்களோடு சேர்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு தட்டினாள். அண்ணன் மகள் மட்டும் உதட்டைக் கடித்தாள். புனலுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. வக்கீல் தம்பியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். வாசல் தாண்டிய பிறகுதான் புனலைக் கழற்றி எறிந்தாள். அது சறுக்கு மரத்தடியில் உருண்டு போனது.

அன்று வீட்டில் கலரக்கா, "வகுப்பு நம்ம கையை விட்டுப் போகல," என்றாள். புருஷன், "நல்லதாப் போச்சு," என்றார். நடந்ததை முழுக்கக் கேட்டபின் டி.வி.யை அணைத்தார். பிறகு, "நாற்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடிச்சவன் நான். ஒரு நாய்க்குட்டி மேலகூட வண்டியை ஏத்தினதில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவளுக்குக் கோபம் வந்தது.

வக்கீல் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். மறுநாளே வந்தாள். நேராக மேசைக்கு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நான் உங்க பக்கத்துலயே நிக்கட்டுமா? பாட்டில் எடுத்துத் தரேன். கலர் காதுல சொல்றேன். யாருக்கும் தெரியாது. தம்பிக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம்."

கலரக்கா கிரேயான் டப்பாவை மூடினாள். "ஏண்டி, என்மேல கோவமில்லையா உனக்கு?"

"கோவப்பட்டா நீங்க போயிடுவீங்க. நீங்க இருக்கணும் அக்கா."

"உன் தம்பி எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். இப்ப படமே வரையறதில்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருந்தது, ரப்பர் பேண்டையெல்லாம் நம்பி இனிக் காலம் தள்ள முடியாது. சரி என்றாள். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு உங்களுக்கு மகள் மாதிரி ஆயிட்டாளே," என்று மெச்சிவிட்டுப் போனார்.

முதல் வாரம் முழுக்க வக்கீல் சரியாகச் சொன்னாள். இரண்டாவது வாரம் ஒருநாள் தப்பாகச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தன. கலரக்கா வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிச் சமாளித்தாள். அப்புறம் சில நாள் சரி. அப்புறம் ஒருநாள் தப்பு. எந்த நாள் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குரலில் வித்தியாசமே இல்லை, எப்போதும் ஒரே மரியாதை, ஒரே மெதுவான குரல். மாட்டிவிடவும் மாட்டாள், விட்டுவிடவும் மாட்டாள். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்ட அன்றே வகுப்பு போய்விடும். அவளை விரட்டினாலும் போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்றைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தன. தாளெல்லாம் ஊதாவாகக் காய்ந்திருக்கிறது என்று வக்கீல் சொன்னாள். பாட்டிலை எடுத்துக் கலரக்காவின் கையில் வைத்தாள். கலரக்கா தெளித்தாள். வெளுப்பாக ஏதோ ஒரு திட்டு விழுந்தது.

"என்னடி வந்திருக்கு?" என்றாள் உதடு அசையாமல்.

"ரோஸ் அக்கா," என்றாள் வக்கீல் காதில்.

கலரக்கா அவள் பக்கம் திரும்பினாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் இருந்தது. பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தன.

"ரோஸ்," என்று உரக்கச் சொல்லிவிட்டு, சிரிப்பு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.